இக்லாஸின் மேசையில் கொட்டிய பை

சூடானில், அத்பரா ரயில் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை நடத்தும் இக்லாஸுக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ‘கொட்டு டாக்டர்’. கர்ப்பிணி யார் வந்தாலும், வீட்டில் தின்பது, பூசுவது எல்லாவற்றையும் பையில் அள்ளிவந்து மேசையில் கொட்டச் சொல்வாள். பன்னிரண்டு வருடமாக இதே கதை.

போன குளிர்காலத்தில் ரிஹாப் வந்தாள். ஆறு மாதம். முழங்கை மடிப்பில் கரப்பான் படை, சொறிந்து சொறிந்து ரத்தம். அதைவிடப் பெரிய கவலை, வயிற்றில் குழந்தை மாதத்துக்கேற்ப வளரவில்லை என்று மருத்துவச்சி சொல்லியிருந்தது. கூடவே மாமியார் ஹாஜா பத்தூல்.

“படைக்கு டாக்டர் குடுத்த களிம்பு ட்யூப் எங்கே?” என்று கேட்டாள் இக்லாஸ்.

“குப்பையில போட்டேன்,” என்றார் ஹாஜா. “அதுல ஸ்டீராய்டு இருக்காமே. என் பேரனுக்கு ஆகாது.”

பையைக் கொட்டினார்கள். இரும்புச்சத்து மாத்திரை, வெந்தயம், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா.

“இது என்ன?”

“அது மருந்தில்ல டாக்டரம்மா, அழகுக்கு. சந்தையில கரண்டியால அள்ளித் தர்ற கலவை. பேர் வைக்கிற விருந்துக்குள்ள இவ வெளுக்கணுமே. தினமும் நானே உடம்பு முழுக்கத் தேச்சு விடறேன்.”

இக்லாஸ் டப்பாவை மூடினாள். “இந்தக் கலவைக்காரி என் கடைக்கு வந்து என்ன கேட்டா தெரியுமா அத்தை? இருக்கறதுலயே கடுமையான ஸ்டீராய்டு க்ரீம், நாப்பது ட்யூப். நான் தரல. வேற எங்கயோ வாங்கி இதுல கலந்துட்டா. நீங்க தூக்கிப் போட்டது மிதமானது. படை மேல மட்டும் மெலிசா தடவினா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இதை மாசக்கணக்கா உடம்பு முழுக்கப் பூசினா, புள்ளை எடை குறையலாம்.”

ஹாஜா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “அப்ப நல்லதை எறிஞ்சுட்டு இதைப் போய்த் தேச்சேனா?”

“இப்பவாவது வந்தீங்களே. உடம்பு இதுக்குப் பழகிடுச்சு, ஒரேயடியா நிறுத்தக் கூடாது. வாங்க, டாக்டர்கிட்ட போவோம்.”

கடையைப் பூட்டிவிட்டு அவளே கூட்டிப்போனாள். டாக்டர் சொன்னபடி கலவை படிப்படியாக நின்றது. மிதமான ட்யூப் திரும்பி வந்தது. படை ஆறியது. இரண்டு வாரத்துக்கொரு முறை ஸ்கேன். ஒவ்வொரு முறையும் ஹாஜா எடையை மனப்பாடம் செய்துகொண்டு கடை வாசலிலேயே ஒப்பிப்பார்.

பெயர் வைக்கும் நாளில் பக்கத்து வீட்டு நஃபீஸா வாயைத் திறந்தாள். “என்ன ஹாஜா, மருமக கறுத்துட்டா?”

“மூணு கிலோ நூறு கிராம்,” என்றார் ஹாஜா, குழந்தையை உயர்த்திக் காட்டி. “கறுப்பைப் பார்க்க வந்தியா, பேத்தியைப் பார்க்க வந்தியா? உன் மருமகளும் மாசமாத்தானே இருக்கா? அவளும் அதே டப்பாதானே?”

பந்தலே சிரித்தது. நஃபீஸா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை இக்லாஸ் ஷட்டரைத் தூக்கியபோது, பையோடு ஐந்து பெண்கள் நின்றார்கள். முதலில் நின்றது நஃபீஸாவின் மருமகள். கேட்கும் முன்பே கொட்டினாள்.