லெட்டூஸ் தோட்டத்து மேற்பார்வைக்காரன்

ஒரு குடும்பத்தின்ரை தோட்டத்தை நடத்துறவனுக்கு முதலாளி ஒராள் மட்டும் இல்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுத்தி எத்தினை பேர் இருக்கினமோ அத்தினை பேரும் முதலாளிதான். உங்களிலை ஆராவது உப்பிடி ஒரு குடும்பத்திட்டை மாட்டுப்பட்டிருந்தால் நான் மிச்சம் சொல்லத் தேவையில்லை. நான் இருக்கிற செயின்ட்-மிஷேலிலை இருந்து ஆத்தைக் கடந்து, லொங்குய் பட்டணமும் தாண்டி, விடிய முன்னம் லெட்டூஸ் தோட்டத்துக்குப் போறவன். அங்கை கிழவர், அவரின்ரை மகள், மருமகன் எண்டு மூண்டு பேர் உத்தரவு போடுவினம். கிழவர் வெட்டு எண்ட வயலை மகள் விடு எண்டுவா. பேந்து மருமகன் வந்து, ஏன் இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு என்னைப் பேசுவார். வெட்டுறது மெக்சிக்கோ ஆக்கள். வசந்தத்துக்கு வந்து, பனிக்கு முன்னம் திரும்பிப் போவினம்.

முதல் வெடி

அந்த ஆக்கள் கிழவரைப் 'பத்ரோன்', அதாவது முதலாளி எண்டுதான் கூப்பிடுவினம். அவையிலை எர்னெஸ்தோ கனகாலமாய் வாறவர், என்ரை வயசு ஆள். என்ரை அரைகுறை ஸ்பானிஷைத் திருத்தினதும் அவர்தான். ஒருநாள் மத்தியானம் ட்ரக் நிழலிலை இருந்து சாப்பிடேக்கை தன்ரை பூட்டன்ரை கதையைச் சொன்னார். பூட்டன் 'அசியெண்டா' எண்டுற பெரிய பண்ணையிலை வேலை செய்தவராம். கண்ணுக்கெட்டின நிலம், மாடு, கோயில், கடை எல்லாம் ஒரே குடும்பத்தின்ரை சொத்து. குடும்பம் எப்பவாவது வந்து எட்டிப் பாக்கும். மற்ற நாளெல்லாம் பண்ணையை நடத்தினது என்னைப் போல ஒரு சம்பளக்காரன்.

அப்ப என்ரை வேலைக்கு அங்கை நல்ல மரியாதை போல எண்டு பகிடிக்குக் கேட்டன். எர்னெஸ்தோ ரொட்டியை மென்று முடிச்சுப்போட்டுச் சொன்னார்:

"புரட்சி வந்த நேரம் பத்ரோன் குடும்பம் நகரத்துக்கு ஓடித் தப்பிட்டுது, உங்கடை வேலையிலை இருந்தவரைத்தான் முதல் சுட்டவை."

கூப்பிடுறதும் விடுறதும்

எங்கடை தோட்டத்திலை ஒரு முறை இருக்கு. நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அந்த ஆள் அடுத்த வருசம் எங்களிட்டைத் திரும்பி வரலாம். அதாலை காய்ச்சல் காய்ஞ்சாலும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். வீட்டுக்காரர் கெட்ட சனம் எண்டு சொல்லமாட்டன். ஆக்களின்ரை பிறந்தநாளுக்குக் கேக் கூட வெட்டுவினம். அதுதான் இன்னும் கரைச்சல்.

போன ஆடியிலை கிழவரின்ரை மகள் என்னைக் கூப்பிட்டு, ஆக்கள் கூடிப்போச்சு, அடுத்த வருசம் குறைக்கவேணும் எண்டா. இவ்வளவு காலம் வந்த ஆக்களிட்டை வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டன். அவ கோப்பியை ஆத்திக்கொண்டு ஆறுதலாய்ச் சொன்னா:

"நாங்கள் ஒருத்தரையும் வேண்டாமெண்டு சொல்லுறேல்லை, கூப்பிடாமல் விடுறம், அவ்வளவுதான்."

விழுந்த கத்தி

அந்தக் கிழமைதான் எர்னெஸ்தோவின்ரை வலக்கையிலை இருந்து கத்தி விழுகிறதைக் கண்டன். ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப. லெட்டூஸ் வெட்டுறதெண்டால் நாள் முழுக்கக் குனிஞ்சு, ஒரே கையாலை ஒரே வெட்டு. மணிக்கட்டு போகாமல் என்ன செய்யும்? விரலெல்லாம் மரத்துப்போச்சாம். பக்கத்திலை நிண்ட ஆக்கள் தாங்கள் வெட்டினதை அள்ளி அவரின்ரை பெட்டியிலை போட்டுக்கொண்டிருந்தவை. நான் காணாத மாதிரி மற்றப் பக்கம் பாத்தன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டால் ஆள் மாட்டன் எண்டுறார். ஊரிலை அவரின்ரை மகள் தாதிப் படிப்புப் படிக்கிறா, முடிய இன்னும் ஒரு வருசம் கிடக்கு. அந்த ஒரு வருசத்துக்கு இஞ்சை திரும்பி வந்தால் காணும், அதுக்கு மேலை அவர் ஒண்டும் கேக்கேல்லை. காரணம் கேட்டதுக்கு அவர் சொன்னது:

"ஆஸ்பத்திரிக்குப் போனால் கை வரும், பேர் போயிடும்."

மனிசியின்ரை கேள்வி

நான் கண்டும் காணாமல் விட்டு அந்தாளைக் காப்பாத்துறன் எண்டு வீட்டிலை வந்து பெருமை அடிச்சன். மனிசி கார்டெரி எண்டுற பிள்ளைக் காப்பகத்திலை பிள்ளையளைப் பாத்துக் களைச்சு வந்து கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ. தலை நிமிராமல் கேட்டா:

"அந்தாளின்ரை கை செத்துக்கொண்டு போகுது, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறது உதவியோ?"

மற்றக் கை

ஞாயிற்றுக்கிழமை, ஆக்களைக் கடைக்குக் கூட்டிப் போற சாட்டிலை எர்னெஸ்தோவை லொங்குய்யிலை ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனன். டொக்டர் வடிவாய்ச் சோதிச்சுப்போட்டு, நரம்பு நெரிபட்டுப்போச்சு, ஒப்பரேசன் செய்யவேணும், இந்தக் கையாலை இனிக் கத்தி பிடிக்கக்கூடாது எண்டா. ஒப்பரேசன் எண்டால் முதலாளி வீட்டுக்குத் தெரியாமல் நடக்காது. எர்னெஸ்தோ ஒரேயடியாய் மாட்டன் எண்டிட்டார். திரும்பி வரேக்கை வாகனத்துக்குள்ளை எனக்குத்தான் அழுகை வந்தது. அந்தாள் என்னைத் தேற்றினார்:

"டொக்டர் இந்தக் கையை எண்டுதானே சொன்னவ, எனக்கு இன்னொண்டு கிடக்கு."

பஸ் வாசல்

சொன்னபடி இடக்கையாலை வெட்டப் பழகினார். லெட்டூஸைப் பிடிக்கிற வலக்கை முழுக்கக் காயம். ஆனாலும் புரட்டாதி முடியேக்கை மற்றவைக்குச் சமனாய் வெட்டினார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திட்டுது. எர்னெஸ்தோவை விட்டிடாதேங்கோ எண்டு கிழவரிட்டைச் சொல்லி வைச்சன். அவரும் தலையாட்டினவர்.

கடைசி நாள் கிழவருக்கு ஒரு வழக்கம். ஆக்களை விமான நிலையத்துக்குக் கொண்டு போற பழைய பள்ளிக்கூட பஸ்ஸின்ரை வாசலிலை நிண்டு, ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்து 'வசந்தத்திலை சந்திப்பம்' எண்டுவார். அந்தச் சொல் கிடைக்காதவருக்கு, அடுத்த வருசம் தன்னைக் கூப்பிடமாட்டினம் எண்டு விளங்கிவிடும். கையிலை பிடி உள்ளவன்தான் வேலைக்காரன் எண்டது அவரின்ரை கொள்கை. எர்னெஸ்தோ பழகின தோசத்திலை இடக்கையை நீட்டிட்டார். கிழவர் சிரிச்சுக்கொண்டு அவரின்ரை வலக்கையைத் தானே எடுத்து இறுக்கினார். எர்னெஸ்தோவின்ரை ஒரு விரலும் திருப்பி இறுக்கேல்லை. கிழவர் கையை விடாமல் என்னைப் பாத்தார். பேந்து எர்னெஸ்தோவின்ரை தோளிலை தட்டி, நல்லாய் ஓய்வெடு எண்டார். பின்னாலை நிண்டவருக்கு வசந்தத்திலை சந்திப்பம் எண்டார்.

நான் பஸ் யன்னலடிக்குப் போனன். எர்னெஸ்தோதான் யன்னலைத் திறந்து கதைச்சார்:

"இந்தப் பஸ்ஸிலை பத்ரோன் ஓய்வெடுக்கச் சொன்னது எனக்கு மட்டும்தான், என்ரை மகளுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன்."

குடும்பத் தோட்டம் பாருங்கோ, இஞ்சை ஒருத்தரையும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளமாட்டினம், கையைப் பிடிச்சுத்தான் அனுப்புவினம்.