சாயங்காலக் கரண்டில் பதிவான ஆல்பம்

ஆல்பம் என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், முதலியார்பேட்டையில் அத்தை வீட்டு மாடி அறையில், நானும் அத்தை மகனும் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தோம். அவன் பாடுவான். நான் எலெக்ட்ரிக் கிதார் வாசித்துக்கொண்டே கூடப் பாடுவேன். தமிழ் வரி, வெள்ளைக்காரத் தாளம். திருவிழா மேடைக்கு எங்களை ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிட்டதில்லை. அதனால்தான் ஆல்பம் போட முடிவெடுத்தோம்.

அவசரத்துக்குக் காரணம் வேறு. அவன் அப்பா, செத்துப்போன என் மாமாவைப் போலவே அவனும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேரப் போகிறான். டிக்கெட் வந்துவிட்டது. அவன் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் எல்லாம் அம்போ.

மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர்தான் எங்கள் ஸ்டுடியோ. ஜன்னலில் சாக்கு, கதவில் கம்பளி, ஃபேன் போடக் கூடாது. பகலெல்லாம் எனக்கு மில் வேலை, ஆகவே விளக்கு வைத்த பிறகுதான் பாட்டு. அந்த நேரத்தில் ஊரே லைட் போட்டிருக்கும், வோல்டேஜ் படுத்துவிடும், குண்டு பல்பு மஞ்சளாக அழுது வடியும். ஒரே மைக் என்பதால் யார் தப்பு செய்தாலும் முதலிலிருந்து பாட வேண்டும். தப்பு செய்வது பெரும்பாலும் அவன், திட்டு வாங்குவதும் அவன்.

"அங்க போனா என்னைத் திட்ட ஆளே இருக்காது மச்சான்" என்று சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முடிந்த பாட்டை அங்கேயே போட்டுக் கேட்போம். அருமையாகத்தான் இருந்தது.

அவன் கிளம்பிய மறுநாள் காலை, கேசட் போட்டுத் தரும் கடைக்கு ஸ்பூலோடு போனேன். கடைக்காரர் தன் மெஷினில் மாட்டினார். பாட்டு தலைதெறிக்க ஓடியது. எங்கள் இருவர் குரலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கீச்சென்று வந்தது. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டில் கேட்டபோது நன்றாகத்தானே இருந்தது என்றேன்.

"லோ வோல்டேஜ்ல மோட்டார் மெதுவா ஓடியிருக்கு தம்பி. அதே வோல்டேஜ்ல போட்டுக் கேட்டா எப்படித் தெரியும்? மறுபடியும் பாடி எடுத்துக்கினு வாங்க" என்றார் கடைக்காரர். பாட வேண்டியவன் பிளேன் ஏறிவிட்டிருந்தான்.

வயிற்றெரிச்சலோடு அத்தை வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை மதியச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பாட்டைப் போடுடா" என்றாள். தட்டிக்கழித்துப் பார்த்தேன், விடவில்லை. மாமாவின் ரெக்கார்டரில் போட்டேன். பகல் கரண்டில் அதுவும் பறந்தது.

"இது எம்புள்ள குரலே இல்ல" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். "சாயங்காலம் போடலாம் அத்தே. கரண்ட் குறைஞ்சதும் சரியா வந்துடும்."

"சாயங்காலம் வரைக்கும் நான் இன்னா பண்றது?"

சுற்றிக்கொண்டிருந்த ஸ்பூலின் மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினாள். பாட்டு தயங்கி இழுத்தது. அழுத்தினால் கிழவன் குரல், விட்டால் குழந்தைக் குரல். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் அவன் வந்தான். அத்தை விரலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதடா" என்றாள். "போயிடுவான்."