நான்கு விரற்கடை

முட்டாள்தனம் செய்ய முழு உடம்பும் வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. எனக்கு வலது கை கட்டைவிரல் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒன்பது வயதில், அதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டின் ஒரு மூலையை நான்கு விரற்கடை கீழே இறக்கினேன். அதுவும் கருங்கல்லால் கட்டிய மூலை. யானை வந்து முட்டியிருந்தாலும் அவ்வளவு இறங்கியிருக்காது.

இப்பேர்ப்பட்ட நான் இன்று வேலூரில் ஒரு கடையில் டைல்ஸ் விற்கிறேன். "தரை மட்டமா இருந்தாதாங்க டைல்ஸ் நிக்கும்" என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் புத்தி சொல்கிறேன். சொல்லும்போது முகத்தில் வெட்கம் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் கோலி விளையாடுவது கஷ்டம். ஒரு கோலி உருண்டால் அடுத்த தெரு வரைக்கும் அதன் பின்னால் ஓட வேண்டும். அவ்வளவு சரிவு. அந்தச் சரிவில் ஒரு அறையும் ஒரு சமையற்கட்டுமாக எங்கள் வீடு. அதற்குள் அப்பா, அம்மா, அக்கா, நான், சாமை மூட்டைகள், மழை நாளில் இரண்டு ஆடுகள். அக்கா பத்தாவதுக்கு வந்த வருஷம், ஆடு ஒன்று அவளுடைய கணக்கு நோட்டில் பாதியைத் தின்றுவிட்டது. அன்றைக்குத்தான் இன்னொரு அறை கட்டுவது என்று முடிவானது. மேல்பக்கம் முழுக்கப் பாறை. பள்ளத்துப் பக்கம்தான் இடம் இருந்தது.

அம்மா தினமும் பஸ் ஏறி மலையிறங்கி, போளூரில் ஒரு மேஸ்திரியிடம் பத்து வருஷமாகச் சித்தாள் வேலை பார்த்துவந்தார். செங்கல்லும் கலவையும் சுமந்துகொண்டே, ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்பதை அடி அடியாகப் பார்த்து வைத்திருந்தார். அவர் தொடாத ஒரே பொருள் மட்டம் பார்க்கும் டியூப்தான். கண்ணாடி மாதிரி ஒரு நீளக் குழாய்; உள்ளே தண்ணீர். எவ்வளவு தூரத்தில், எந்தச் சரிவில் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அதை மேஸ்திரி பெண்களிடம் கொடுக்க மாட்டார். ஏனென்று அம்மா ஒருமுறை கேட்டபோது சிரித்தாராம். சிரிப்பைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு அம்மாதான் பிளான் போட்டார். காகிதத்தில் இல்லை. பள்ளத்துப் பக்கம் புல்லைச் செதுக்கிவிட்டு, கோலமாவால் சுவர்களை இழுத்தார். இது கதவு, இது ஜன்னல், இது அக்கா படிக்கும் மூலை. பிறகு எங்கள் மூன்று பேரையும் அந்தக் கோட்டுக்குள் வரிசையாகப் படுக்கச் சொன்னார். பட்டப்பகலில், வெட்டவெளியில், அப்பா உட்பட எல்லோரும் படுத்தோம். அம்மாவும் ஓரத்தில் படுத்துப் பார்த்தார். வழியில் போன பக்கத்து வீட்டுப் பெரியம்மா நின்று கேட்டார்: "இன்னாடி, சுவரு எழுப்பறதுக்கு முன்னாடியே குடி வந்துட்டீங்களா?"

"உங்க தம்பி காலு வெளிய நீட்டுது பாருங்க" என்றார் அம்மா, படுத்தபடியே. அப்பாவின் கால்களுக்காக அறை ஒரு முழம் நீண்டது.

மேஸ்திரி வந்து பார்த்தார். கோலத்தைச் சுற்றி வந்தார். பள்ளத்தைக் காட்டி, பழைய வீட்டிலிருந்து புது அறைக்கு இரண்டு படி இறக்கிவிடலாம், கல்லும் மண்ணும் மிச்சம் என்றார். அப்பா உடனே தலையாட்டினார். அப்பா யார் சொன்னாலும் தலையாட்டுவார். அது அவருடைய பெருந்தன்மை.

அம்மா ஆட்டவில்லை. "நான் வேல செஞ்ச வூட்ல எல்லாம் பாத்துட்டேங்க மேஸ்திரி. படி எறங்கிப் போனா அது வேற வூடு. எனுக்கு ஒரே வூடா வோணும். தரை ஒரே மட்டத்துல சேரணும்."

"இந்தச் சரிவுலயா?"

"மட்டம் நான் பாக்கறேன். தப்பாப் போச்சின்னா நீங்க சொல்றபடி ரெண்டு படி வெச்சிக்கலாம்."

மேஸ்திரி இந்த முறையும் சிரித்தார். ஆனால் டியூபை அவிழ்த்துக் கொடுத்தார். வேடிக்கை பார்க்க அவருக்கும் ஆசை இருந்திருக்கும்.

கடைக்கால் வெட்டும்போதே அம்மா வேலையைக் காட்டினார். சரிவோடு சரிவாகக் குழி எடுக்கப் போன ஆளை நிறுத்தி, குழியின் அடியைப் படிப்படியாக வெட்டச் சொன்னார். "சாய்ச்சு வெட்டுனா கல்லு மொத்தமும் வயுக்கிக்கினு போவும்" என்றார். மேஸ்திரியின் சிரிப்பில் கொஞ்சம் குறைந்தது.

அடுத்து மட்டம். பழைய வீட்டுச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே அம்மா கரியால் கோடு போட்டார். டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டருகே நான் நிற்க வேண்டும். அடுத்த முனையோடு அம்மா ஒவ்வொரு மூலையிலும் நட்டிருந்த கம்பத்துக்குப் போவார். தண்ணீர் ஆட்டம் அடங்கி, என் பக்கம் கோட்டில் நின்றதும் நான் "சரி!" என்று கத்த வேண்டும். அம்மா அங்கே கம்பத்தில், தண்ணீரிலிருந்து ஒரு முழம் கீழே குறி போடுவார். எங்கள் வகுப்பில் யாருக்கும் இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்ததில்லை.

முதல் இரண்டு மூலைகளுக்கு நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். மூன்றாவது, பள்ளத்துக் கடைசி மூலை. தண்ணீர் ஏறியது, இறங்கியது, ஏறியது. எனக்குச் சலித்துவிட்டது. சும்மா இருக்கட்டும் என்று குழாயின் வாயைக் கட்டைவிரலால் பொத்தினேன். தண்ணீர் டக்கென்று நின்றுவிட்டது! குழாயைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, தண்ணீரைக் கோட்டில் கொண்டுவந்து வைத்தேன். இத்தனை வருஷமாக மேஸ்திரிகளுக்குத் தெரியாத குறுக்குவழியைக் கண்டுபிடித்த பெருமையில் "சரி!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினேன். விரல் பொத்தியிருக்கும்வரை தண்ணீர் உண்மை பேசாது என்பது அந்த விஞ்ஞானிக்குத் தெரியாது.

நான்கு நாளில் கருங்கல் வேலை குறி வரைக்கும் எழும்பியது. மேஸ்திரி மூலைக்கு மூலை நூல் பிடித்தார். ஒரு பக்கம் நூல் சாய்ந்தது. நன்றாகவே சாய்ந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஐந்தாறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, வூடு உன்கூடவே பஸ் ஏறி போளூருக்கு எறங்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போலத் தலையாட்ட வந்த அப்பா, எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல் நின்றார். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அம்மா டியூபை எடுத்தார். தண்ணீர் நிரப்பினார். குழாயைக் கையால் நீவி, குமிழி இருக்கிறதா என்று பார்த்தார். என் பக்கம் திரும்பினார், ஒரு நொடிதான். பிறகு மேஸ்திரியிடம் சொன்னார்:

"என் கை தப்பு பண்ணிடுச்சிங்க. ஒரே ஒரு மூலதான். நானே பிரிச்சி, நானே கட்டித் தர்றேன். அதுவும் தப்பாப் போச்சின்னா படி வெச்சிடுங்க."

பாவம் அம்மா, தான்தான் தப்புச் செய்துவிட்டோம் என்று நம்புகிறாரே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவ்வளவு நல்ல மனசு எனக்கு.

"பையன உடும்மா, என் ஆள புடிக்கச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

"வோணாங்க. அவனே புடிக்கட்டும்."

நான் பிடித்தேன். வாழ்க்கையில் எதையும் அப்படிப் பிடித்ததில்லை. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கிக்கொண்டேன். ஒரு கட்டெறும்பு முழங்காலில் ஏறிக் கடித்தது, அசையவில்லை. தண்ணீர் ஏறி இறங்கி, சோம்பல் முறித்து, ஒருவழியாகக் கோட்டில் வந்து படுத்தது. அதற்குப் பிறகும் பத்து எண்ணினேன். "சரி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது, குறி போட்டார்.

அந்த மூலையை அம்மாவும் அப்பாவும் பிரித்து மறுபடி எழுப்ப ஒரு நாள் முழுக்க ஆனது. நூல் பிடித்தபோது அது வகிடு எடுத்த மாதிரி நேராக ஓடியது. சுவர் எழும்பியது, கூரை போட்டார்கள், நடுச்சுவரை இடித்து வாசல் திறந்தார்கள். கடைசியாக சிமெண்ட் தரை. அது காய்ந்த அன்று மேஸ்திரி, தண்ணீர் பிடித்து வைக்கும் காலி டிரம்மைப் படுக்க வைத்து, பழைய வீட்டிலிருந்து காலால் ஒரு தள்ளு தள்ளினார். டிரம் உருண்டு வாசலைத் தாண்டியது. ஒரு தடுக்கல் இல்லை, ஒரு சத்தம் மாறவில்லை. அக்காவின் மூலையில் போய் மெதுவாக நின்றது. அங்கிருந்து எந்தப் பக்கமும் நகரவில்லை. எங்கள் ஊரில் உருளும் பொருள் ஒன்று தானாக நின்றதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெயம போளூர்ல புது கடக்கால். டியூப நீயே எடுத்துக்கினு வந்துடும்மா."

அம்மா சரி என்று தலையசைத்துவிட்டு, டிரம்மை நிமிர்த்தப் போனார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அக்கா பார்த்தாள். நான் அறைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

இன்று அம்மாவிடம் பன்னிரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒடுகத்தூர் வரைக்கும் மேஸ்திரியம்மா என்றால் தெரியும். டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் "தரை போட்டது மேஸ்திரியம்மா" என்று சொன்னால், எங்கள் கடையில் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அது என் அம்மா என்று, கேட்காதவர்களிடமும் நான் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தை உடைத்தேன். கட்டைவிரலை நீட்டிக் காட்டி, அந்த மூலை இறங்கியதற்கு இதுதான் காரணம் என்றேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். மேஸ்திரியின் சிரிப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, என்னைக் காட்டிக் கொடுக்காமல், திரும்பவும் என்னை நம்பியிருக்கிறார்! இப்படி ஒரு மகனிடம் அப்படி என்ன கண்டிருப்பார்? அதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கண்ணைத் துடைக்க இடது கையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சும் எதுக்கும்மா மறுபடியும் என் கையிலயே குடுத்த?"

"பயந்தவன்தாண்டா ஆடாம புடிப்பான். அன்னிக்கி அங்க உன்னவிட பயந்தவன் வேற எவன் இருந்தான்?"