பாவு நேரத்துக் கூட்டம்

நகராட்சி வார்டுக் கூட்டத்தைக் காலை எட்டு மணிக்குத்தான் வைப்போம். அதிகாரிக்கு அதுதான் வசதி. நெசவுக்காரர்கள் தறிக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டுகிற நேரமும் அதுதான். அதனால் ஒரே ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர். காதில் செருகிய நூல் துண்டை எடுத்துத் திரித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

“பாவு நீட்டிக்கினு இருக்கறவங்க எப்படி சார் வருவாங்க? சாயங்காலம் வைங்க, தெருவே வரும். எழுதிக்கோங்க” என்றார் ஒரு கூட்டத்தில்.

குமாஸ்தாவான நான் எழுதியது: ‘மக்களுக்கு ஆர்வமில்லை.’

அடுத்த கூட்டத்தில், “எழுதினீங்களா சார்?” என்று கேட்டார்.

“எழுதியாச்சு.”

“அப்ப தெருவுல சொல்லிடறேன்” என்று சந்தோஷமாகப் போனார்.

அதற்கடுத்த கூட்டமும் காலையில்தான் நடந்தது. அவரும் வரவில்லை. மக்களுக்கு ஆர்வமில்லை என்று நான் எழுதிவந்தது அன்றுதான் உண்மையாயிற்று.