நாகையாவின் ஏழு மணிப் பால்

நாகையா மறுபடியும் வார்டுக்கு வந்துவிட்டார் என்று கேட்டதும் மாதவிக்குத் தலை கிறுகிறுத்தது. இது மூன்றாவது தடவை. அதே காய்ச்சல், நெஞ்சுக்குள் அதே களகள சத்தம். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் ஊற்றும் பால்தான் சாப்பாடு. அந்தப் பால் வயிற்றில் தங்காமல் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொன்னார். போகிற போக்கில், "வீட்டுக்காரங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

சொல்லிக் கொடுத்தது மாதவிதான்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். மலாய் மட்டும் இன்னும் வாயில் நிற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அறையிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வரும்போது, நேற்று யாருக்கு என்ன சொன்னோம், சரியாகச் சொன்னோமா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். நாகையா விஷயத்தை எத்தனை தடவை ஓட்டினாலும் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. தன்னுடைய ஊர்த் தமிழ் இவர்களுக்குப் புரியவில்லையோ? வேகமாகப் பேசிவிட்டோமோ?

நாகையாவின் மகன் தனேஷைக் கூப்பிட்டு மறுபடியும் செய்து காட்டச் சொன்னாள். அவன் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தான். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதித்தான். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, அழுத்தாமல், பாலைத் தானாக இறங்க விட்டான்.

"முடிஞ்சப்புறம்?"

"அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது சிஸ்டர். இப்படியே உட்கார்ந்திருக்கணும்."

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"அதே மாதிரிதான். போன வாட்டி நீங்க சொன்னத வீடியோகூட எடுத்து வெச்சிருக்கேன்லா."

ஒரு குறையும் இல்லை. பிறகு எப்படி? மாதவிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஏதாவது கிடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"பேசாம எக்ஸாம் வெச்சு மார்க் போடேன்" என்று கூட வேலை பார்க்கும் ஷிரீன் கிண்டல் செய்தாள். இங்கேயே, அம்பாங்கில் பிறந்து வளர்ந்தவள். "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் யோசிச்சு யோசிச்சு மண்டைய ஒடச்சுக்குவீங்களா?"

தனேஷ் வேலைக்குக் கிளம்பிய பிறகு, சாயங்காலப் பாலை மாதவியே கொடுத்தாள். கடைசிச் சொட்டு இறங்கி, சிரிஞ்சைக் கழற்றியதுதான் தாமதம். நாகையா இடது கையைப் பின்னால் விட்டு, முதுகுக்கு வைத்திருந்த தலையணையை இழுத்துத் தள்ளினார். உடம்பைச் சரித்து, படுக்கத் தயாராகிவிட்டார்.

"ஐயா, ஐயா, இருங்க. இப்பப் படுக்கக் கூடாது."

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார், புதிதாக ஒரு சட்டம் கேட்பதுபோல. பல நாள் பழக்கமில்லாமல் கை அப்படித் தானாகப் போகாது என்று மாதவிக்குப் பட்டது.

"வீட்டுல பால் குடிச்சதும் யாருய்யா உங்களப் படுக்க வெக்கிறது?"

அவர் பார்வை வாசல் பக்கம் போனது. அங்கே துவைத்த கைலிகள் நிறைந்த பிளாஸ்டிக் பையுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். வீட்டு வேலைக்கு இருக்கும் இந்தோனேசியப் பெண், சுமியாத்தி. மூன்று தடவையும் இதே வாசலில் பையோடு நின்றவள்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மாதவிக்குத் தோன்றியதே இல்லை.

"உள்ள வாங்க" என்றாள் தமிழில். பிறகு, "மாசுக், மாசுக்" என்றாள். அதற்கு மேல் மலாய் வராமல் ஷிரீனைக் கூப்பிட்டாள்.

ஷிரீன் கேட்கக் கேட்க, சுமியாத்தி தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னாள். நடுநடுவே கைகளால் எதையோ அழுத்திக் காட்டினாள்.

"என்ன சொல்றா?"

"தினமும் இவதான் பால் கொடுக்கறாளாம். அந்தப் பையன் ராத்திரி லேட்டாத்தான் வீட்டுக்கு வருவானாம். சாயங்காலப் பால் ஏழு மணிக்கு. அந்நேரம்தானே மக்ரிப். தொழுகை நேரம் கொஞ்சம்தான், விட்டா போயிடும். அதனால சீக்கிரமா அழுத்தி ஏத்திட்டு, அவரப் படுக்க வெச்சிட்டுத் தொழப் போறா. தனியா உட்கார வெச்சா விழுந்துருவாருன்னு பயமாம். ஒரு வாட்டி நாற்காலியிலேருந்து சரிஞ்சு விழுந்தாராம்."

விழுந்துவிடக் கூடாது என்று படுக்க வைத்திருக்கிறாள். அதில் தப்பென்று எதைச் சொல்வது? மாதவிக்குக் குழப்பம் தீர்வதற்குப் பதில் இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டது. தொழுகை நேரத்தில் வீட்டில் வேறு ஆளே இல்லையா? நாகையாவின் மனைவி எங்கே போகிறார்?

மறுநாள், ஷிரீனும் சுமியாத்தியும் கூட இருக்க, அவர் மனைவி வள்ளியம்மாவையும் தனேஷையும் ஒன்றாக வைத்துக் கேட்டாள். தனேஷ் முகம் சிவந்துவிட்டது.

"பெத்த பையன் இருக்கும்போது அப்பாவுக்கு வேலைக்கார பிபிக்தான் பால் கொடுக்கறான்னு எப்படிச் சொல்றது சிஸ்டர்? நீங்க என்ன நெனைப்பீங்க? வந்து கத்துக்கிட்டேன்ல, அவகிட்ட சொல்லிடலாம்னு பாத்தேன். பாதி சொன்னேன்."

"அம்மா, அந்நேரம் நீங்க வீட்டுலதானே இருப்பீங்க?"

வள்ளியம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். "ஏழு மணியானா பக்கத்து வீட்டுக்குப் போயிருவேன் மிஸ்ஸி."

"எதுக்கும்மா?"

"படுத்துக் கெடக்கறவருக்குப் பால் ஊத்தறத எப்போ செய்வாங்க? நீங்களும் நம்ம ஆளுதானே, ஒங்களுக்குத் தெரியாதா? கடைசி மூச்சு இழுக்கறப்ப சொந்தக்காரங்க செய்யறது அது. என் கையால நான் அவருக்கு ஊத்துவேனா? பக்கத்துல நின்னு பாக்கக்கூட எனக்கு முடியலம்மா."

தன் தாத்தாவின் கடைசி நேரத்தில் அவர் வாயில் அப்பா பால் விட்டதை மாதவியும் பார்த்தவள்தான். ஆனால் குழாய், சிரிஞ்சு, பால் என்று மாறி மாறிச் சொல்லிக் கொடுத்தபோது அந்த நினைவு ஒருமுறைகூட வந்ததில்லை. இது சாப்பாடு, அது சடங்கு என்று இப்போது விளக்கலாமா? விளக்கினால் இந்த அம்மாவின் பயம் போய்விடுமா? தெரியவில்லை.

"நீங்க ஊத்த வேண்டாம்" என்றாள் கடைசியில். "சுமியே கொடுக்கட்டும், மெதுவா. கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்றேன். அவ தொழப் போனப்புறம்தான் ஆள் வேணும். ஐயா உட்கார்ந்திருக்கற அந்த அரை மணி நேரம்."

"யாரு இருப்பா?" என்றான் தனேஷ். "நான் அந்நேரம் ஹைவேல ஜாம்ல நிப்பேன்."

சுமியாத்திக்கு விஷயம் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷிரீன் அவளிடம் தாழ்ந்த குரலில் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பால் முடிஞ்சப்புறம்தானே?" என்றார் வள்ளியம்மா. "குழாயத் தொட வேண்டாமே?"

"தொடவே வேண்டாம்மா. சரியாம பாத்துக்கிட்டாப் போதும். இருமினா, மூச்சு வாங்கினா உடனே ஃபோன் பண்ணுங்க."

"சும்மா உட்கார்ந்துக்கிட்டு அவர்கிட்ட என்னத்தப் பேச? பதில் சொல்ல மாட்டாரே."

"முன்னாடி மட்டும் பேச விட்டியாம்மா?" என்றான் தனேஷ்.

"வாய மூடுடா."

அன்று சாயங்காலம் சுமியாத்தி மாதவியின் கண்முன்னே பால் கொடுத்தாள். ஒரு தடவை பழக்கதோஷத்தில் விரல் அழுத்தப் போனது. மாதவி "பெலான், பெலான்" என்று மெதுவாகக் கொடுக்கச் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டாள். முடிந்ததும் தொழுவதற்காக அறையைவிட்டுப் போனாள். வள்ளியம்மா வெளித் தாழ்வாரத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிஞ்சு கண்ணில் படாத இடத்தில் இருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே வந்தார். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு, கணவரின் தோளுக்குப் பின்னால் ஒரு கையை முட்டுக் கொடுத்தார்.

"இங்க பாருங்க, சாயாதீங்க" என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாதவியிடம் கேட்டார்: "அரை மணின்னா, இப்பலேருந்தா மிஸ்ஸி? இல்ல, அவ போனதுலேருந்தா?"