ஒரு தகரப் புகைக்குழாய்

ஆளுயரத் தகரக் குழாய், உச்சியில் கூம்புத் தொப்பி. கொழும்பிலிருந்து அதைக் காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தவர் ஒரு காப்புறுதிக் கணிப்பாளர். என்ன வேலை செய்பவர், எப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர், எத்தனை காலம் வாழ்வார் என்று கணக்கிடுவது அந்த அம்மையாரின் தொழில். ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளருக்கு அவருடைய கம்பனி மருத்துவக் காப்புறுதி நடத்தியது. அங்கே நெஞ்சு நோயால் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சாவதைக் கண்டு, காரணம் தேடி வந்தார். பத்திரிகைக்காக நானும் உடன் போனேன். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில்தான், என் அத்தை இருந்தார்.

முதல் முறை சொல்லாமல் போனோம். அத்தை விறகடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். புகை போக வழியில்லாத அறை. சுவர் கரியேறிப் பளபளத்தது. அவர் இருமி முடிக்கும்வரை கணிப்பாளர் காத்திருந்தார். "இவ இருமுனா காலையில வேலைக்குக் கூப்பிடுற பெரட்டு மணியே வேணாங்க மிஸ்," என்றார் பக்கத்து வீட்டுக்காரி. அத்தையும் சிரித்தார். சிரிப்பு மறுபடி இருமலானது.

"யார் எப்ப சாவாங்கன்னு சொல்றது என் வேலையில பாதிதான். அதைத் தள்ளிப்போட வழி சொல்றது மிச்சப் பாதி," என்றார் கணிப்பாளர், திரும்பும் வழியில். ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு குழாய் வேண்டுமெனக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தார். மாதிரிக்கு அந்த ஒன்றைச் செய்வித்து, அடுத்த முறை கொண்டுவந்ததும் அவரே.

கம்பனி மேலாளரும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் நேரில் பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாளே துரை லயத்துக்குச் சொல்லியனுப்பினார். பெரிய மனிதர் வந்தால் அடுப்பை அணைத்து, தரையைக் கழுவி, சோடா வாங்கி வைப்பது லயத்து மரியாதை. துரைக்கு அது நன்றாகத் தெரியும்.

"புகையே இல்லையே," என்றார் மேலாளர், சோடாவைக் குடித்தபடி.

கணிப்பாளர் அடுப்பை மூட்டச் சொன்னார். "வந்தவங்க மூஞ்சில பொகைய விடுறதா மிஸ்? அசிங்கமுங்க," என்று அத்தை மறுத்துவிட்டார். இருமல் வந்ததும் வெளியே ஓடி, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டார். துரை அதைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் மலையின் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அத்தையின் மரியாதையைக் கொண்டே அத்தையின் மூச்சை அடைத்தார்கள்.

குழாய்கள் வரவில்லை. கணிப்பாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மாதிரிக் குழாய் தோட்ட அலுவலகத்தில் கிடந்தது.

போன மாதம் அத்தையின் கருமாதிக்குப் போனேன். வழியில் துரை பங்களாவின் பின்புறம், நாய்களுக்குச் சோறு காய்ச்சும் கொட்டில். அதன் கூரைக்கு மேலே அதே கூம்புத் தொப்பி.

"உள்ள பொகை நின்னா நாய்ங்களுக்கு ஆகாதுன்னு துரை வச்சாருங்க," என்றார் காவல்காரர்.

எட்டிப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொட்டிலுக்குள் பொட்டுப் புகை இல்லை.