புளித்த மாவைக் கழித்த ஜோதியம்மாள்

ஜோதியம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அதுதான் அவளைப் பிடித்த சனி. என்னைப் போல அவளும் பள்ளிக்கூடம் பார்க்காதவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர் அந்த வாரத்து வேதபாடத்தை வாசிப்பார். ஐயர் என்றால் கோயில் ஐயர் இல்லை, எங்கள் பாஸ்டர். பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து நாங்களெல்லாம் மத்தியானக் குழம்பை யோசித்துக்கொண்டிருப்போம். அவள் மட்டும் வாயைப் பிளந்து கேட்பாள். கேட்டதைத் திங்கட்கிழமை செய்தும் காட்டுவாள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பீர் முகம்மது பாயின் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வாசலில் அவளுக்கு இட்லிக் கடை. கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு இட்லிக் குண்டான், மேலே நாலு கீற்று. மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு பாய் செலவு, ஜோதியம்மாள் இட்லி. அந்த மண்டி போனால் அவள் வீட்டில் உலை ஏறாது. புருஷன் அப்பாதுரை வேலை செய்து நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லட்டும்.

இரண்டு சட்டை உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் பாடம் வந்தது. மறுநாள் அப்பாதுரை பனியனோடு திரிந்தான்.

"உன் சேலையில ஒண்ண குடுக்கறதுதானேடி?" என்று கத்தினான்.

"ஐயர் சட்டைன்னுதான் வாசிச்சாரு. சேலைன்னு வாசிக்கல."

தருமம் செய்கிற வலது கை இடது கைக்குத் தெரியக் கூடாது என்று இன்னொரு வாரம். பிச்சைக்காரனுக்கு இட்லி வைக்கும்போதெல்லாம் இடது கையை முந்தானையில் சுற்றிக்கொள்வாள். ஒற்றைக் கையால் ஊற்றிய சட்னி பாதி அவன் தாடியில் போகும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். எழுபத்தெட்டாம் வருஷத்து ஈஸ்டர்தான் வினையாகப் போனது. பழைய புளித்த மாவைக் கழித்துப்போட்டுப் புது மாவாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் பாடம். ஜோதியம்மாள் என் தொடையைக் கிள்ளினாள்.

"அக்கா, எனக்கே சொன்ன மாதிரி கீதே! இத்தினி வருஷமா புளிச்ச மாவைத்தானே வித்துக்கினு கீறேன்!"

"ஏண்டி, இட்லி மாவு புளிக்காம பின்ன இன்னாடி பண்ணும்?"

"அத நீங்க ஐயர்கிட்ட கேளுங்க."

வீட்டுக்குப் போனதும் பானையிலிருந்த மாவை வழித்துச் சாக்கடையில் கொட்டினாள். அடுத்த அரைவைக்கு உறை ஊற்ற எடுத்து வைத்திருந்த கரண்டி மாவும் போனது. திங்கட்கிழமை விடியற்காலையில் அரைத்து, அரைத்த சூட்டிலேயே இட்லி ஊற்றினாள்.

மண்டி ஆள் கண்ணாயிரம் ஒன்றை எடுத்துப் பலகையில் தட்டினான். டொக்கென்றது.

"அக்கா, மண்டியில எடைக்கல்லு ஒண்ணு காணோம்னு தேடிக்கினு இருந்தோம். இங்கதான் வேக வெச்சிருக்கியா?"

சத்தம் கேட்டு பாய் வந்தார். ஒரு வாய் கடித்தார். கடித்ததை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? எங்களுக்கு நோன்பு வருஷத்துல ஒரு மாசம்தான். உன் கடையில தினமுமா?"

"வேதத்துல அப்பிடித்தான் வந்துச்சுங்க பாய்."

"வேதத்த நான் கொற சொல்லல. ஆளுங்க மூட்ட தூக்கணும். நாளைக்கும் இப்பிடின்னா எதிர்க்கடை கஸ்தூரிகிட்ட சொல்லிடுவேன், ஆமா."

அந்தப் பேரைக் கேட்டதும் ஜோதியம்மாள் முகம் செத்துப்போனது. குழாயடிச் சண்டையில், 'உன் சட்னி மாட்டுக்கு வைக்கிற கழனித் தண்ணி' என்று கஸ்தூரியை இவள் சொல்லப்போக, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

ஜோதியம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து இருமல்தான் வந்தது.

"ஜோதியம்மா, அது இட்லி மாவு இல்லம்மா. மனசுல வெச்சி வெச்சிப் புளிக்கவிடற கோவம், வன்மம். அதத்தான் கழிக்கச் சொல்லுது."

"அப்ப மாவு மேல ஒரு குத்தமும் இல்லீங்களா?"

"இல்லவே இல்ல."

"இத நேத்தே சொல்லியிருந்தா ஒரு பானை மாவு மிஞ்சியிருக்குமேங்க!"

"பிரசங்கத்துல சொன்னேனேம்மா."

"அப்பதான் நான் மாவ நெனச்சிக்கினு இருந்தேன்."

திரும்பி வரும் வழியில் நடுரோட்டில் நின்றுவிட்டாள். சாயங்காலம் அரைத்தாலும், உறை ஊற்றப் பழைய மாவு ஒரு கரண்டியாவது இல்லாமல் விடிவதற்குள் பொங்காது என்றாள். பக்கத்தில் மாவு வைத்திருப்பவள் ஒருத்திதான்.

"அவகிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"அப்ப சாவு. ஐயர் இன்னாடி சொன்னாரு இப்ப? கழிக்கறதக் கழிக்காம மாவை மட்டும் கொட்டிட்டு வந்தவளே, நட."

கஸ்தூரி தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"கஸ்தூரி, ஒரு கரண்டி புளிச்ச மாவு வேணும்" என்றாள் ஜோதியம்மாள், தோசைக்கல்லைப் பார்த்தபடி.

"கழனித் தண்ணி வேணாமா?"

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உன் சட்னி நல்லாத்தான் இருக்கும்."

"எப்ப துன்னு பாத்த?"

"துன்னதில்ல. வாசன வரும்."

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "நான் குடுக்கலேன்னா நாளைக்கு மண்டி எனக்கு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்து கேக்கறியே, உனக்கு வெக்கமே இல்லடி" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை இட்லி பூவாக எழும்பியது. பாய் நின்றபடியே தின்றுவிட்டு, "ஆங், இது இட்லி! எப்பத்தையும் விட ஜாஸ்தி மெத்துனு கீதே" என்றார்.

நான் அவள் காலை மிதித்தேன், வாயை மூடிக்கொள் என்று. கேட்டால்தானே.

"அது கஸ்தூரி குடுத்த உறைங்க பாய். அவ மாவு நல்ல மாவு."

பாய் எதிர்க்கடையைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். மண்டியை அவளே தூக்கி எதிர்க்கடையில் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பிடியா? சரி, இட்லி இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கெழம ஆளுங்களுக்கு அவகிட்ட தோச சொல்லிடறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஜோதியம்மாள் எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் கஸ்தூரி! வெள்ளிக்கெழம சட்னியில தண்ணிய கொஞ்சம் கம்மியா ஊத்துடி!"